ஏழு மணிக் கச்சேரி

அழுவதற்கென்று ஓர் அறை கட்டுவதாகத் தீர்மானம் செய்தேன்.

சிரிக்காதீர்கள். படிக்க அறை கட்டுகிறார்கள். காரை நிறுத்த அறை கட்டுகிறார்கள். வேண்டாத சாமானைப் போட்டுப் பூட்டிவைக்க ஓர் அறை கட்டி, அதற்கு ஸ்டோர் ரூம் என்று மரியாதையாகப் பெயரும் வைக்கிறார்கள். ஒரு மனுஷன் நிம்மதியாக உட்கார்ந்து அழ, வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி கட்டிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? என் மனைவியிடம் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அவளிடம் "மியூசிக் ஸ்டுடியோ" என்று சொன்னேன். இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன பொய் எதுவும் இரண்டு நாள் தாண்டியதில்லை. இது மூன்று மாதம் ஓடியது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் காது டாக்டரிடம் வேலை. டெக்னீஷியன். சத்தமே புகாத ஒரு சின்ன அறையில் உங்களை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா பொத்தானை அழுத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேனே, அந்த ஆள். எறும்பு தும்மினாலும் அளந்து சொல்லிவிடுவேன். கர்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கர்வத்துக்குத்தான் பின்னால் அடி விழுந்தது.

எங்களுக்கு ஒரே பெண். வீட்டில் அவளுக்குப் பெயர் டமாரம். தெருமுனையில் திரும்பும்போதே "அம்மா பசிக்குது" என்பாள், வீட்டில் தட்டு வைத்தாகிவிடும். ரகசியம் என்று அவள் காதோடு சொன்னது பக்கத்து வீட்டிலும் ரகசியமாக இருக்கும். ஐந்து வயதில் ஒருநாள் என் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, வீட்டிலும் அதே விளையாட்டை ஆரம்பித்தாள். எந்த மூலையிலிருந்தாவது "அப்பா, கேக்குதா?" என்பாள். நான் உடனே "டிங்" என்று சொல்ல வேண்டும். பொத்தானுக்குப் பதில் அது. சொல்லாவிட்டால், "அப்பாவுக்குக் காது போச்சு" என்று ஊரைக் கூட்டுவாள். இருபத்திரண்டு வயதிலும் அந்த விளையாட்டை அவள் விடவில்லை.

நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அவள் இல்லை. அவ்வளவுதான். அதற்குமேல் அதை எழுத எனக்கு வராது.

எல்லாம் முடிந்த அன்று என் அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். அக்கா ரிட்டயரான தலைமை ஆசிரியை. அவள் அதட்டினால் நாற்காலிகூட எழுந்து நிற்கும்.

"தம்பி, நல்லா கேட்டுக்க. உன் பொண்டாட்டி முன்னாடி நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூடாது. நீ உடைஞ்சா அவ தாங்கமாட்டா. போய்ச் சேர்ந்துடுவா."

"சரிக்கா."

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஒரு வருஷம் காப்பாற்றினேன். டமாரத்தின் பேரைக்கூட வாயால் எடுக்கவில்லை. மனைவியும் எடுக்கவில்லை. அவள் அழவும் இல்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பெற்ற தாய், ஒரு சொட்டு விடவில்லை! முதலில் ஆச்சரியப்பட்டேன். பிறகு கோபப்பட்டேன். பிறகு, இவளுக்கு மனசு கல்லாகிவிட்டது, நான் அழுதால் அந்தக் கல்லும் நொறுங்கிவிடும் என்று பயந்தேன்.

அவளிடம் புதிதாக வந்த ஒரே மாற்றம் மிக்ஸி. சாயங்காலமானால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் மிக்ஸியை ஓட்டுவாள். தட்டில் பார்த்தால் அரைத்த பொருள் என்று ஒன்றும் இருக்காது. கேட்கவும் பயம். ஒருநாள் தொழில் புத்தி அரித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சத்தம் அளக்கும் மீட்டரைக் கொண்டுவந்து, கதவை லேசாகத் திறந்து நீட்டினேன்.

"எண்பத்தெட்டு டெசிபல்! இது காதுக்கு ஆபத்து தெரியுமா?"

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"வெளிய போங்க."

"இல்லம்மா, உன் நல்லதுக்குத்தான்..."

"மீட்டரோட வெளிய போங்க. இனிமே இந்தச் சமையல்கட்டுப் பக்கம் நீங்க தலைகாட்டக் கூடாது."

தலைகாட்டவில்லை. எனக்குத் தலை முக்கியம்.

வீட்டில் முடியாததை வேலையிடத்தில் முடித்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில், அந்தச் சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். இருபது நிமிஷம். முகம் கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்வேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. உள்ளே இருப்பவர் பேசுவது வெளியே கேட்பதற்கு ஒரு மைக் உண்டு. ஒருநாள் அதை அணைக்க மறந்துபோனேன்.

வெளியே முன்கூடத்தில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவருக்குப் பதினோரு வருஷமாகக் காது மந்தம். துள்ளி எழுந்தாராம்.

"டாக்டர்! எனக்குக் கேக்குது! ஒரு ஆம்பளை அழறான், தெளிவா கேக்குது!"

டாக்டர் நல்ல மனுஷர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒருத்தருக்குக் காது வந்துடுச்சு, சந்தோஷம். ஆனா வந்தவங்க பயப்படறாங்க. வீட்ல போய் அழுங்க, தப்பில்ல."

வீட்டில் எங்கே அழுவது? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுது பார்த்தேன். "தண்ணி தீர்ந்துடும்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. போர்வைக்குள் அழுது பார்த்தேன். "ஜலதோஷமா?" என்று தைலத்தோடு வந்தாள். அப்போதுதான் அந்த மகத்தான தீர்மானம் பிறந்தது. சத்தம் புகாத அறை எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான்.

"ஸ்டுடியோவா? என்ன வாசிக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"கிளாரினெட்."

"ஏன் அது?"

"மெல்லிசான சத்தம்."

"மெல்லிசான சத்தத்துக்கு எதுக்குங்க சுவத்துக்குள்ள இன்னொரு சுவரு?"

"ஆரம்பத்துல மெல்லிசா வராது."

"உங்களுக்கு விசில் அடிக்கவே வராதே."

"அதனாலதான் ரெண்டு சுவரு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "தினம் எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி."

"முக்கால் மணி போதுமா உங்களுக்கு?"

"இப்போதைக்குப் போதும்."

"சரி. கட்டுங்க."

வாதாடுவதற்கு ஒன்பது காரணம் தயார் செய்துவைத்திருந்தேன். ஒன்றுக்குக்கூட வேலை வரவில்லை. இரண்டு நிமிஷத்தில் அனுமதி கிடைத்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஜெயித்த மயக்கத்தில், நேரே கடைக்குப் போய் மூன்று டஜன் கைக்குட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

"எதுக்கு இத்தனை?"

"கிளாரினெட்டைத் துடைக்க. ஊதினா எச்சில் படியும்."

"கிளாரினெட் எங்க?"

"வருது, வருது."

தச்சரை அழைத்தேன். எதைக் கேட்டாலும் "ஒரு மில்லிமீட்டர்தான் சார்" என்பதால் அவருக்கு மில்லிமீட்டர் என்றே பெயர். கதவு அரை அடி கோணலாக இருந்தாலும் அவர் கணக்கில் ஒரு மில்லிமீட்டர்தான். வெளிச்சுவர், உள்சுவர், நடுவில் சத்தத்தைக் குடிக்கும் பஞ்சு, உள்ளே முழுக்க மேடும் பள்ளமுமாக ஸ்பாஞ்ச், விளிம்பெல்லாம் ரப்பர் வைத்த இரட்டைக் கதவு. காற்றுக்கு மட்டும் இரண்டு குழாய். சத்தம் புகாத அறையில் காற்றும் புகாது, ஆள் மூச்சு முட்டிப்போவான். குழாயை மூன்று இடத்தில் வளைத்து, உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டினால் காற்று போகும், சத்தம் போகாது. அப்படித்தான் காகிதத்தில் வரைந்து கொடுத்தேன்.

"ரெண்டாவது குழாய் எங்க முடியுது?" என்று வேலை முடிந்த அன்று கேட்டேன்.

மில்லிமீட்டர் தலையைச் சொறிந்தார். "பின்னாடி, கொடி மறைவுல சார். நீங்க சொன்னதுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் தள்ளி."

உள்ளே ரேடியோவை அலறவிட்டு, மீட்டரோடு அறையை நாலு பக்கமும் சுற்றி வந்தேன். வேலியோரம் அளந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அனுமதியோடு அவர் படுக்கையறையில் அளந்தேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. உலகத்திலேயே அன்றைக்கு நான் மீட்டரை நீட்டாத ஒரே இடம், எனக்கு அனுமதி இல்லாத என் வீட்டுச் சமையலறை.

மறுநாளே கச்சேரி ஆரம்பமானது. ஐந்தரைக்கு வேலையிலிருந்து வருவேன், குளிப்பேன், டீ குடிப்பேன். சரியாக ஏழு மணிக்குக் கிளாரினெட் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். கதவைச் சாத்துவேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, "டமாரம், டமாரம்" என்று வாய்விட்டு அழுவேன். ஒரு வருஷம் சொல்லாத பேரை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வேன். ஏழே முக்காலுக்கு வெளியே வருவேன்.

"இன்னிக்கு என்ன வாசிச்சீங்க?"

"நேத்து வாசிச்சதுதான்."

"கண்ணு சிவந்திருக்கே."

"ஊதறது லேசான வேலையா?"

"பரவால்ல, நல்லா முன்னேறிட்டு வர்றீங்க" என்பாள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டுவேன்.

ஸ்டுடியோ வந்ததிலிருந்து மிக்ஸிச் சத்தம் அடியோடு நின்றது. சங்கீதத்துக்கு அவள் காட்டும் மரியாதை என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். சோறு மட்டும் தினம் குழைய ஆரம்பித்தது. இருபத்தாறு வருஷம் உதிரி உதிரியாக வடித்தவள். வயசாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டு, கூழாய் வந்ததைக் குடிக்காத குறையாகச் சாப்பிட்டேன்.

இன்னொரு குறையும் இருந்தது. அறையில் எதிரொலி.

நான் அழுதால், எங்கிருந்தோ மெல்லிசாக இன்னோர் அழுகை கேட்டது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. தொழில் தெரிந்தவன் கட்டிய அறையில் எதிரொலியா? மில்லிமீட்டரைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு சுற்று ஸ்பாஞ்ச் ஒட்டச் சொன்னேன். அந்த மனுஷர் என் முகத்தைப் பார்க்காமலே ஒட்டிவிட்டுப் போனார். எதிரொலி நிற்கவில்லை. நான் நிறுத்திய பிறகும் இரண்டு நிமிஷம் அது தொடர்ந்தது. ஒருநாள் நான் மூக்கைச் சிந்துவதற்கு முன்னால் எதிரொலி சிந்தியது. சரி, காதில்தான் கோளாறு என்று, மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னை நானே அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்துக்கொண்டேன். காது பிரமாதமாக இருந்தது. மூளைதான் போலிருக்கிறது என்று அதோடு விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாதம் அக்கா வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"கிளாரினெட் வாசிக்கிறியாமே? எடுடா, வாசி. கேப்போம்."

பெட்டியை விற்ற கடைக்காரர் ஒட்டிய டேப்பைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தேன். கண்ணால் கெஞ்சினேன்.

"அவருக்குக் கூச்சம் அண்ணி. யார் முன்னாடியும் வாசிக்கமாட்டார். ஸ்டுடியோவுக்குள்ள போய்த்தான் வாசிப்பார்" என்றாள் மனைவி. தெய்வம்!

"வாசிக்கட்டும். நான் வெளிய நின்னு கேக்கறேன்."

"தாராளமா கேளுக்கா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். எத்தனை நேரம் நின்றாலும் அக்காவுக்கு ஒன்றும் கேட்காது. சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மணி ஏழு. ஸ்டூலில் உட்கார்ந்ததும், என்னைக் கேட்காமலே கை கைக்குட்டையை எடுத்தது. சத்தியம் வாங்கிய அன்றைக்குப் பிறகு அக்காவை இப்போதுதான் பார்க்கிறேன். "டமாரம்" என்றேன். உடைந்துபோனேன். வழக்கத்தைவிடப் பலமாக அழுதேன்.

திடீரென்று அறைக்குள் மிக்ஸி ஓடியது.

ஆமாம், அறைக்குள். என் தலைக்குப் பின்னால், காற்றுக் குழாயின் வாய்க்குள்ளிருந்து, அந்த எண்பத்தெட்டு டெசிபல். அழுகை அப்படியே நின்றது. எழுந்து குழாயில் காதை வைத்தேன். மிக்ஸிக்கு மேலே அக்காவின் குரல் கேட்டது.

"தோட்டத்துல ஒண்ணும் கேக்கல, அதான் உள்ள வந்துட்டேன். இது என்ன, வெறும் மிக்ஸியை ஓட்டிக்கிட்டு நிக்கிற? உள்ள ஒண்ணுமே இல்லையே!"

"ஓடுதான்னு பாக்கறேன் அண்ணி."

"அதான் ஓடுதே, நிறுத்தேன்."

"இன்னும் கொஞ்சம் பாக்கறேன் அண்ணி. நீங்க போய் முன் ரூம்ல உக்காருங்க."

அக்கா நகர்ந்திருக்க வேண்டும். மிக்ஸி நின்றது. குழாய்க்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு என் எதிரொலி, நான் வாயே திறக்காமலிருக்க, மெதுவாக அழ ஆரம்பித்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எறும்பு தும்மினால் அளப்பவன்! கட்டிய மனைவியின் அழுகைக்கு எதிரொலி என்று பெயர் வைத்து, அதை அடக்க ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கிறேன்.

அக்கா மறுநாள் சாயங்காலம் ஊருக்குக் கிளம்பினாள். "ஸ்டுடியோ பிரமாதம்டா, ஒண்ணுமே கேக்கல" என்று பாராட்டிவிட்டுப் போனாள். வாசல் கதவைச் சாத்திவிட்டு நேரே சமையலறைக்குள் போனேன். தடை உத்தரவையெல்லாம் பார்க்கவில்லை. அடுப்புக்கு வலப் பக்கச் சுவரில், உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு, குழாய் வாய் திறந்திருந்தது. அதன் கீழே ஒரு மணை. மணையின் மேல் மடித்துவைத்த என் கைக்குட்டைகள், ஒன்றரை டஜன்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"முதல் நாள்லேர்ந்து."

"எப்படித் தெரியும் உனக்கு?"

"கிளாரினெட்டுக்கு ரூம் கட்டறவர் முதல்ல கிளாரினெட் வாங்குவார். நீங்க மூணு டஜன் கைக்குட்டை வாங்கினீங்க."

"மில்லிமீட்டர் கொடி மறைவுன்னு சொன்னானே?"

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ஸ்பாஞ்சும் வேண்டாம், வளைவும் வேண்டாம், நேரா இங்க கொண்டு வந்து விடுன்னேன்." அவள் குரல் கம்மியது. "உள்ள மூச்சு முட்டி விழுந்துட்டீங்கன்னா எனக்கு எப்படிங்க தெரியும்? ஒருத்தியைக் குடுத்தாச்சு. உங்களையும் ஒரு பெட்டிக்குள்ள வெச்சு மூட எனக்கு தைரியம் இல்ல."

குழாய் வாயைக் கையால் தடவிப் பார்த்தேன்.

"நீ அழவே இல்லையே... ஒரு சொட்டுகூட..."

"உங்க அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க. 'என் தம்பி முன்னாடி ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூடாது, நீ உடைஞ்சா அவன் தாங்கமாட்டான்'னு."

"என்கிட்டயும் அதேதான் வாங்கினா!"

"தெரியும். ஒரு எழுத்து மாறாமத்தான் சொல்லியிருப்பாங்க." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மிக்ஸி ஓடறப்ப அழுவேன். பத்து நிமிஷம். அதுக்கு மேல ஓட்டினா மோட்டார் சூடாயிடும். அன்னிக்குப் பாத்து நீங்க மீட்டரைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறீங்க."

எண்பத்தெட்டு டெசிபல் என்று பெருமையாகக் கத்தினேனே, அதில் எத்தனை அவளுடையது என்று மீட்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்றேன். பிறகு எனக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"இனிமே எதுக்கு ஒளிவு மறைவு? நீயும் உள்ள வா. ரெண்டு பேரும் சேர்ந்தே உக்காருவோம்."

"அஞ்சடி ரூம்ல உங்களுக்கே முழங்கால் இடிக்குது. அதுவும் இல்லாம, நீங்க அழற மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துடும். முகத்தைப் பாத்துக்கிட்டு என்னால அழ முடியாதுங்க. பழக்கம் விட்டுப்போச்சு. குழாயே இருக்கட்டும்."

அன்றைக்கும் ஏழு மணிக்குப் போனேன். கிளாரினெட் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டூலைக் குழாய்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். ஆனால் அழுகை வரவில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எப்படி ஆரம்பிப்பது? புது மாப்பிள்ளை மாதிரி கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் பேசியது.

"கேக்குதா?"

எங்கள் பெண் கேட்ட அதே கேள்வி. அதே இழுப்பு. அது அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்த இழுப்பு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சொல்லாவிட்டால் அப்பாவுக்குக் காது போச்சு. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"டிங்."

அவ்வளவுதான், இரண்டு பக்கமும் உடைந்தது. "டமாரம் மூணாம் வகுப்புல பிரேயரைத் தனியா முடிச்சாளே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "மைக் வேண்டாம்னு பிடுங்கிட்டாங்களே" என்றேன். அவள் சிரித்தாள், அழுதாள். நான் அழுதேன், சிரித்தேன். முக்கால் மணி நேரம் எங்கள் பெண்ணைப் பற்றி மட்டுமே பேசினோம். கடைசியில் இரண்டு பேரும் ஓய்ந்துபோய்ச் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அந்த அறையைக் கட்டியதற்கு முதல் தடவையாக நான் சந்தோஷப்பட்டேன்.

"என்னங்க" என்றது குழாய்.

"சொல்லும்மா" என்றேன் உருகிப்போய்.

"நாளைலேர்ந்து ஆறு மணிக்கே ஆரம்பிச்சுடுங்க. ஏழு மணிக்கு அழுதா தினமும் சோறு குழைஞ்சுபோகுது."